பழங்காரின் மூல எஞ்சினை அறியுமாறு

கல்முனை நகரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டுக் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சென்றால் சவளக்கடை வரும். வயலும் நீர்ப்பரப்பும் சூழ்ந்த இப்பகுதியிலும், இதற்குக் கிழக்கே கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர்களிலும், அரை நூற்றாண்டைக் கடந்த மோட்டார்க் கார்கள் சில வீட்டுத் தாழ்வாரங்களிலே இன்னும் நிற்கின்றன. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40 என்னும் இவற்றை விலைக்குக் கேட்டுத் தூரத்து ஊர்களிலிருந்தும் அன்பர்கள் வருவதுண்டு. வந்தவர் முதலிற் கேட்கும் கேள்வி, "எஞ்சின் ஒரிஜினலா?" என்பதே. "ஓம், கொம்பனி எஞ்சின்தான்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இவ்விடையை எவ்வாறு சோதித்தல் கூடும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்கேள்வி வெறும் விநோதத்துக்காக எழுவதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திற்று. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ருவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இவ்விடைக்காலத்தில் ஓடக்கூடிய எந்த வாகனத்துக்கும் மதிப்பு உயர்ந்தது. பழங்கார் விரும்பிகளோ உடலும் எஞ்சினும் பிரியாதிருக்கும் காருக்கு ஏனையவற்றினும் மிக்க விலை தருவர். இஃது ஒருபுறமிருக்க, காரிலுள்ள எண்ணும் பதிவிலுள்ள எண்ணும் மாறுபடின் உரிமை மாற்றம் தடைப்படும். திருட்டு வாகனமோ என்ற ஐயமும் எழும். ஆகவே ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஓர் இரும்புக் கட்டியிற் பொறித்த சில எண்களை நம்பி நிற்கும் நிலை ஏற்படுகிறது.

முதற்கண் 'மூல எஞ்சின்' என்னுஞ் சொல்லின் பொருளை வரையறுத்தல் வேண்டும். மிலிந்தபஞ்ஞம் என்னும் பாளி நூலிலே நாகசேன தேரர் மிலிந்த மன்னனை நோக்கி, அச்சுத் தேராகுமா, சில்லுத் தேராகுமா, நுகந் தேராகுமா என்று ஒவ்வொன்றாக வினவுகின்றார். அத் தத்துவ விசாரத்தை எஞ்சினுக்கும் நீட்டினால் முடிவு காண்டல் அரிது. பிஸ்டன் மாறியிருக்கும், வால்வு மாறியிருக்கும், காபரேட்டர் மூன்று முறை மாறியிருக்கும். தொழிலறிந்தோர் இச்சிக்கலை ஒரு வழக்கினால் தீர்த்துள்ளனர். உருளைகள் குடையப்பட்ட வார்ப்பிரும்புக் கட்டி, மெக்கானிக்குகள் 'புளொக்' என்பது, எதுவோ அதுவே எஞ்சின். அதனுட் பொருந்தியவை யாவும் உறுப்புக்களே. உருளையைப் பெருக்கிக் கடைந்தாலும், ஸ்லீவ் இட்டாலும் எஞ்சின் அதுவே. புளொக் மாறின் எஞ்சின் மாறிற்று.

இதிலும் இருவேறு வினாக்கள் கலந்து கிடத்தலைக் கவனித்தல் வேண்டும். தொழிற்சாலையிலே இக்காரில் ஏற்றப்பட்ட எஞ்சின் இதுதானா என்பது ஒன்று. அரசாங்கப் பதிவிற் கண்ட எஞ்சின் இதுதானா என்பது மற்றொன்று. பின்னையதற்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தவுடன் முன்னையதற்கும் அதுவே விடையெனக் கொள்வோர் பலர். விற்போர் சிலர் இம்மயக்கத்தினாற் பயன் பெறுதலும் உண்டு.

பொருளை உண்மையாக அறிதற்குரிய கருவியை அளவை என்பர் நம் முன்னோர். அளவைகள் பல என்பாரும் உளரேனும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றினுள் ஏனையவை அடங்கும் என்பது சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் கொண்ட முடிபு. காட்சியிலும் ஐயக்காட்சி, திரிபுக்காட்சி உண்டு என்பதை அந்நூலார் மறந்தாரல்லர். ஆன்ம விசாரத்துக்கு வகுத்த இம்முறை பழங்கார் விசாரத்துக்கும் பொருந்துதல் வியப்பன்று. சான்றை மதிப்பிடும் நெறி எங்கும் ஒன்றே.

உரையளவையை முதலில் எடுப்போம். மக்கள் பெரிதும் நம்புவது அதனையே. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வாகனங்களைப் பதிவு செய்கின்றது. பதிவுப் புத்தகத்திலே அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் இடம்பெறும். ஆயினும் இது தொழிற்சாலையின் சாட்சியன்று. கார் இந்நாட்டுக்கு வந்தபோது எவ்வெண் இருந்ததோ அதனையும், பின்னர் உரிமையாளர் அறிவித்த மாற்றத்தையுமே அது கூறும். எஞ்சினை மாற்றியவர் அதனை முறைப்படி அறிவித்துப் புதிய எண்ணைப் பதிவித்திருப்பின், இன்று புத்தகமும் எஞ்சினும் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்கும். அவ்வொற்றுமை உரிமையாளரின் நேர்மைக்குச் சான்று, மூலத்துக்குச் சான்றன்று. ஆதலின் இன்றைய பிரதியோடு நில்லாது, பழைய புத்தகம் கிடைக்குமாயின் அதிலுள்ள திருத்தங்களையும், முத்திரைகளையும், முந்திய உரிமையாளரின் வரிசையையும் நோக்குதல் வேண்டும். ஒரு கோட்டினால் வெட்டப்பட்டு மேலே வேறெண் எழுதப்பட்ட ஓரிடம் நூறு வாய்மொழிகளிலும் மேலானது.

இலக்கத் தகடும் ஒருவகை ஆவணமே. 1950களின் முற்பகுதியிற் பதிவான கார்கள் ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. முதலிய ஆங்கில எழுத்துக்களைத் தாங்கியவை. அதன்பின் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் பொறித்த வரிசை வந்தது. அவ்வெழுத்துக்கு எதிராக 1958 இல் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த தார்பூசும் போராட்டத்தை முதியோர் அறிவர். அரசியல் வரலாற்றிற் காயமாய்ப் பதிந்த அவ்வெழுத்தே கார் ஆராய்ச்சியாளனுக்குக் கால எல்லை காட்டும் கல்லாகவும் உதவுகின்றது. ஆனால் தகடு குறிப்பது இந்நாட்டில் முதற்பதிவு நிகழ்ந்த காலத்தையே, உற்பத்திக் காலத்தையன்று. பிரித்தானியாவிலே சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கப்பலில் ஏற்றி வந்த காராயின் இரண்டுக்கும் இடையே பல ஆண்டு கழிந்திருத்தல் கூடும்.

தொழிற்சாலையின் வாய்மொழியே வேண்டுமெனில் அதற்கும் ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் வாரிக்சயர் பகுதியில் கேய்டன் என்னும் இடத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம், மொறிஸ், ஒஸ்ரின் முதலிய பல தொழிற்சாலைகளின் பழைய உற்பத்திப் பேரேடுகளைப் பாதுகாத்து வருகின்றது. அடிச்சட்ட எண்ணை அனுப்பிக் கட்டணமுஞ் செலுத்தினால், பேரேட்டில் உள்ளவாறு உற்பத்தி நாள், நிறம், அனுப்பப்பட்ட இடம் என்பவற்றோடு பெரும்பாலும் எஞ்சின் எண்ணையும் குறித்து ஒரு மரபுரிமைச் சான்றிதழ் தருவர். உரையளவையில் ஆப்த வாக்கியம் எனத்தக்கது இதுவே. காரணம் எளிது. பேரேட்டை எழுதிய எழுத்தருக்கு, எழுபது ஆண்டு கழித்து அக்கார் கல்முனையில் என்ன விலை போகும் என்பது பற்றிய கவலை இருந்ததில்லை.

இனிக் காண்டல். இதனை விளக்க மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. 1971 வரை, ஏறத்தாழ 16 இலட்சம் என்னுந் தொகையில் உற்பத்தி செய்யப்பட்டது. வெளித்தோற்றத்தில் அதிகம் மாறாத இக்காரின் உள்ளே நான்கு எஞ்சின்கள் முறையே இருந்தன. முதலாவது 918 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள, வால்வுகள் பக்கத்திலே அமைந்த பழைய வகை. 1952 இல் மொறிசும் ஒஸ்ரினும் பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனமாக இணைந்தன. அவ்விணைப்பின் பயனாக, ஒஸ்ரின் ஏ 30 காருக்கென ஆக்கப்பட்ட, வால்வுகள் தலைமேல் அமைந்த 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மைனருக்குள் வந்தது. இதுவே 'ஏ வரிசை' எனப்படும் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1956 இல் 948 உம், 1962 இல் 1098 உம் தொடர்ந்தன. முன்கண்ணாடி இரு துண்டாக இருப்பின் அது 1956 க்கு முந்திய உடல். வளைந்த ஒற்றைக் கண்ணாடியாயின் பிந்தியது. எஞ்சினைத் திறந்து பாராமலே வாசலில் நின்றவாறு காணத்தக்க முதற்குறி இது.

இவ்வெஞ்சின்களின் எண்ணுக்கு முன்னே நிற்கும் எழுத்துக்கள் பொருளுடையன. 803 வகைக்கு ஏ.பி.எச்.எம். என்றும், முதலில் வந்த 948 வகைக்கு ஏ.பி.ஜே.எம். என்றும் பொறித்தனர். பின்னர் முறை மாறி 9 எம்., யூ., எச். எனக் கோடிட்டுப் பிரித்து எழுதலாயினர். 9 என்பது கொள்ளளவைச் சுட்டும்; எம். மொறிசைக் குறிக்கும், யூ. நடுத்தரையில் அமைந்த கியர்த் தண்டைக் குறிக்கும். இறுதி எழுத்து எச். ஆயின் உயர் அமுக்கம், எல். ஆயின் தாழ் அமுக்கம். 1098 வகை 10 எம்.ஏ. எனத் தொடங்கும். இதே 948 எஞ்சினை ஒஸ்ரின் ஏ 35 க்குக் கொடுத்தபோது 9 ஏ என்றும், ஸ்பிரைற் என்னும் விளையாட்டுக் காருக்குக் கொடுத்தபோது 9 சீ என்றும் குறித்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாதலின் இவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று அதிக சிரமமின்றிப் பொருந்தும். அவ்வசதியே மெக்கானிக்குக்கு வரம், ஆராய்ச்சியாளனுக்கு இடர். மைனரின் மூடியைத் திறந்ததும் 9 ஏ என்று கண்டால் மேலே விசாரிக்க வேண்டியதில்லை. அஃது ஒஸ்ரின் வீட்டிலிருந்து வந்தது.

அடிச்சட்ட எண்ணிலும் இவ்வாறே ஒரு குறிப்பு உண்டு. 1950களின் பிற்பகுதியிலிருந்து எம்.ஏ.2 எஸ்.3 என்றாற் போன்ற தொடக்கம் காணப்படும். எம். மொறிஸ், 2 எஸ். இரு கதவுடைய மூடுகார். இறுதியிலுள்ள 3 என்பது 948 எஞ்சினோடு பிறந்த தொடரையும், அவ்விடத்து 5 என்பது 1098 எஞ்சினோடு பிறந்த தொடரையும் சுட்டும். ஆகவே, அடிச்சட்டத் தகட்டில் 3 நிற்க, எஞ்சினில் 10 எம்.ஏ. நிற்குமாயின், ஒன்று மற்றொன்றை மறுக்கின்றது. இதைக் காண ஐந்து நிமிடமும் ஒரு கைவிளக்கும் போதும். எண் தெளிவாகத் தெரியாவிடின் மண்ணெண்ணெயில் தோய்த்த மென்தூரிகையால் அழுக்கை நீக்கி, மெல்லிய தாளை மேலே பரப்பிப் பென்சிலாற் தேய்த்தால் எழுத்து எழுந்து வரும். கல்வெட்டாய்வாளர் மைப்படி எடுக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே. அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்த்தல் ஒருபோதும் ஆகாது. சான்றைக் காணப் புகுந்தவன் சான்றை அழித்தவனாவான்.

இங்கே ஒரு முக்கியமான குறையைச் சொல்லியாக வேண்டும். ஏ வரிசை எஞ்சினின் எண் பெரும்பாலும் புளொக்கிலேயே ஆழப் பொறிக்கப்பட்டதன்று. வலப்புறத்திலே, டைனமோ பொருந்தும் இடத்துக்கு மேலே, ஆணியடித்துப் பொருத்திய ஒரு சிறு உலோகத் தகட்டில் அஃது உள்ளது. ஆணியைக் கழற்றத் தெரிந்தவனுக்கு அத்தகட்டை வேறொரு புளொக்குக்கு மாற்றுதல் அரை மணி நேர வேலை. நம் நூலார் திரிபுக்காட்சி என்றது இதற்கு முற்றும் பொருந்தும்: எண் உண்மையானது, எழுத்தும் உண்மையானது, அமர்ந்திருக்கும் இடம் பொய். எனவே எண்ணைப் படிப்பதோடு தகட்டையும் படித்தல் வேண்டும். ஆணித்தலைகள் இரண்டும் ஒரே வகையினவா? தகட்டின் ஓரத்திற் பூச்சு தகட்டையும் புளொக்கையும் ஒருங்கே மூடிக் கிடக்கின்றதா, அன்றித் தகடு மட்டும் மினுங்குகின்றதா? ஆணிக்குப் பதில் திருகாணி இருக்கின்றதா? இவை சிறு வினாக்கள், விடை பெரிது.

எண்ணைப் புளொக்கிலேயே பொறித்த எஞ்சின்களில் மோசடியின் வடிவம் வேறு. அமெரிக்காவில் செவர்லே கொர்வெற் கார்களின் விலை மிக உயர்ந்ததனால் இக்கலை அங்கே நுட்பமாக வளர்ந்தது. புளொக்கின் மேல்முகத்தைத் தொழிற்சாலையில் இழைக்கும் பொறி, மயிரிழை போன்ற இணைகோடுகளை முகமெங்கும் விட்டுச் செல்லும். எண்ணை அக்கோடுகளின் மேலேயே பொறிப்பர். பின்னொருநாள் ஒருவன் பழைய எண்ணைத் தேய்த்து அழித்துப் புதிதாகப் பொறித்தால், எண் வரும், கோடுகள் வாரா. கோடுகளையும் போலியாகக் கீறுவோர் தோன்றியிருக்கின்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். அங்குள்ள ஆய்வாளர் கைக்கொள்ளும் மற்றொரு விதி எளிமையும் வன்மையும் உடையது: புளொக் வார்த்த நாள் எஞ்சின் பூட்டிய நாளுக்கு முந்தியதாகவும், அது கார் முடிந்த நாளுக்கு முந்தியதாகவும் இருத்தல் வேண்டும். செவர்லேயின் வார்ப்பில் மாதத்தை ஓர் ஆங்கில எழுத்தாலும் நாளையும் ஆண்டையும் இலக்கத்தாலும் காட்டும் குறி உண்டு. கார் பிறந்த பின்னர் வார்க்கப்பட்ட புளொக், அக்காரின் மூல எஞ்சினாதல் எவ்வாறும் இயலாது.

அழிக்கப்பட்ட எண்ணை மீட்கவும் வழியுண்டு என்பது இரசாயனம் பயிலும் மாணவர் அறியத்தக்கது. அச்சை அடித்துப் பொறிக்கும்போது உலோகம் மேற்பரப்பில் மட்டுமன்றி அடியிலும் நெருக்குண்டு உருத்திரிகின்றது. மேலே தெரியும் எழுத்தை அரத்தால் நீக்கினாலும் அடியிலுள்ள நெருக்கம் எஞ்சி நிற்கும். செப்புக் குளோரைட்டும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த பிரை கரைசலை உருக்கின் மேல் இட்டால், நெருக்குண்ட இடமும் ஏனைய இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்படுதலின் பழைய எழுத்து நிழல்போல் வெளிப்படும். அடிச்சட்ட உருக்கில் இம்முறை நன்கு பயன்படும். வார்ப்பிரும்பிலோ அத்துணை எளிதன்று. நீதிமன்ற வழக்குகளில் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் செய்யவேண்டிய சோதனை இது. வாங்க வந்தவர் முற்றத்தில் நின்று செய்யத்தக்கதன்று.

கருதலளவைக்கு வருவோம். எனது கருத்தில் இம்மூன்றிலும் இதுவே சுவை மிக்கது. ஏனெனின், எஞ்சினை ஏமாற்றுபவன் எஞ்சினோடு நின்றுவிடுகின்றான். காரின் ஏனைய உறுப்புக்கள் தாம் பிறந்த கதையை மறவாதிருக்கின்றன. மைனரின் பின்னச்சிலுள்ள பற்சில்லு விகிதம் எஞ்சினுக்கேற்ப வகுக்கப்பட்டது. வலுக்குறைந்த 803 வகைக்கு அது 5.375 க்கு ஒன்று. 948 க்கு 4.555 க்கு ஒன்று. 1098 க்கு 4.22 க்கு ஒன்று. இதனை அளக்க எதனையும் கழற்ற வேண்டியதில்லை. பின்பக்கத்தை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கு அடை கொடுத்து, கியரை நடுநிலையில் வைத்து, பின்சில்லு இரண்டையும் ஒருங்கே பத்து முறை சுழற்றுக. நீண்ட சுழல்தண்டில் இட்ட சோக்குக் கோடு எத்தனை முறை வருகின்றதென ஒருவர் எண்ணுக. நாற்பத்தைந்தரைச் சுற்று வரின் அது 948 இன் அச்சு. நாற்பத்திரண்டு சுற்றும் சிறிது மிகையும் வரின் 1098 இன் அச்சு. ஐம்பத்துமூன்றைத் தாண்டின் 803. ஒரு சில்லை அசையாமல் நிறுத்தி மற்றதை மட்டும் சுழற்றினால் இத்தொகையிற் பாதியே வரும் என்பதை மறத்தலாகாது. அது பின்னச்சுப் பகிர்பொறியின் இயல்பு. பௌதிக ஆசிரியர் இதனை ஒருநாள் பாடமாகவே செய்து காட்டலாம்.

இதனோடு முன்சில்லுத் தடுப்பையும் நோக்கலாம். 948 காரில் அதன் உருளை 7 அங்குலம். 1098 காரில் 8 அங்குலம். தலைப்பாகத்தைக் கழற்றும் சந்தர்ப்பம் வாய்த்தால் பிஸ்டன் ஏறியிறங்கும் தூரத்தை அளந்துகொள்க. 803, 948 இரண்டிலும் அது 3 அங்குலம், அஃதாவது 76.2 மில்லிமீற்றர், 1098 இலோ 83.7 மில்லிமீற்றர். தகட்டை மாற்றலாம், வளைதண்டின் வீச்சைத் தகடு மாற்றாது. அவ்வேளையிலே பிஸ்டனின் முடியிற் பொறித்த 20, 30, 40 என்னும் இலக்கங்களையும் காணலாம். உருளையை எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் பெருக்கிக் கடைந்தனர் என்பதை அவை கூறும். அறுபது ஆண்டு உழைத்ததெனச் சொல்லப்படும் எஞ்சினில் 40 கண்டால் அதுகுறித்து வருந்த வேண்டியதில்லை. முதுமைக்கு அஃது ஓர் ஒத்த சாட்சியே.

இத்தனை ஐயங்களும் எதற்கு, நம் பகுதியில் எஞ்சின் மாற்றம் அத்துணை மிகுதியோ என வினவலாம். மிகுதியே, அதற்குப் பெரும்பாலும் வஞ்சகம் காரணமன்று. 1960களிலிருந்து 1977 வரை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் புதுக்கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உள்ள காரை ஓடவைத்தல் தவிர வேறு வழியிருக்கவில்லை. ஒரு காரின் உயிரை எடுத்து இன்னொரு காருக்கு ஊட்டுதல் கராஜ்களின் அன்றாட வேலையாயிற்று. தொழிற்சாலையே எஞ்சின் மாற்றத்தை ஒரு வியாபாரமாக நடத்தியது என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனம் தேய்ந்த எஞ்சினைப் பெற்றுக்கொண்டு, தான் புதுக்கிய வேறோர் எஞ்சினைப் 'பொன்முத்திரை' என்ற பெயரில் வழங்கிற்று. அவற்றுக்குப் பொன்னிறப் பூச்சு அடித்திருந்தனர்; எண் வரிசையும் வேறு. இன்று மேற்பூச்சின் அடியிலே பொன்னிறம் கீற்றாகத் தெரியுமாயின், அந்த எஞ்சின் நன்றே, ஆனால் இரண்டாவதே.

போர்க்காலம் தன் பங்குக்கு எஞ்சின்களைத் தின்றது. 1990களிற் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாதபோது யாழ்ப்பாணத்திலே மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலால் உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். எளிதில் ஆவியாகாத அவ்வெண்ணெய் எரியாத துளிகளாய் உருளைச் சுவரில் வழிந்து அடிக்கலத்து மசகெண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யும், தாங்கிகள் தேயும். அவ்வாறு தேய்ந்த எஞ்சின்களிற் பல கடைசலுக்குப் போயின, சில திரும்பவில்லை. கிழக்கிலோ வெள்ளமும் ஒரு காரணம். மாரியிற் கிட்டங்கித் தாம்போதி நீரில் மூழ்கும். துணிந்து காரை இறக்குபவரின் எஞ்சின் காற்றோடு நீரையும் உறிஞ்சினால், அமுக்க இயலாத அந்நீர் பிஸ்டனை நடுவழியில் தடுத்து இணைதண்டை வளைக்கும். சிலவேளை தண்டு புளொக்கையே உடைத்துக்கொண்டு வெளிவரும். உடைந்த புளொக்குக்கு மாற்று, வேறொரு புளொக்கே. 2004 திசம்பர் 26 இன் ஆழிப்பேரலை மருதமுனை தொடக்கம் சாய்ந்தமருது வரையுள்ள கரையைத் தாக்கியபோது உப்புநீர் புகுந்த எஞ்சின்களுக்கு நேர்ந்த கதியை விரிக்க வேண்டியதில்லை. அன்று இழந்தவற்றுள் எஞ்சின் மிகச் சிறியது.

இவ்வாறு மாற்றப்பட்ட எஞ்சினைத் தாங்கும் காரை இழிவாகக் கருதுதல் தகாது என்பது எனது துணிபு. சவளக்கடைக்கு அணித்தான காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழ்க் கருவிகளின் அமைப்பை நூற்சான்றும் கணிதமும் கொண்டு ஆராய்ந்து 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். அவ்வாராய்ச்சியின் வழி இன்று ஒருவர் ஒரு யாழைச் செய்வாராயின் அது பெருமைக்குரியது. அதையே சங்ககாலப் பாணன் மீட்டிய யாழ் என்று விற்பாராயின் அது குற்றம். கருவியிற் குறைவில்லை, கூற்றிலேதான் குறை. ஜப்பானிய எஞ்சின் ஏற்றிய மைனரை அதுவெனச் சொல்லி விற்பவர் எவரையும் ஏமாற்றுபவரல்லர்.

இம்மூன்று அளவைகளும் சேர்ந்து இயங்குமாற்றைப் பாவனையாக ஒரு காரைக் கொண்டு காண்போம். இரு கதவுடைய மைனர், ஒற்றை முன்கண்ணாடி, இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து. எஞ்சின் தகடு 10 எம்.ஏ. என்கின்றது; இன்றைய பதிவுப் பிரதியிலும் அவ்வெண்ணே உள்ளது. விற்பவர் இரண்டையும் ஒத்துக் காட்டி, "இதற்குமேல் என்ன வேண்டும்?" என்கின்றார். அடிச்சட்டத் தகட்டைத் துடைத்துப் பார்க்கின், தொடக்கத்தின் இறுதி இலக்கம் 3. பின்னச்சைச் சுழற்றினால் பத்துக்கு நாற்பத்தைந்தரை. முன் தடுப்பு 7 அங்குலம். ஒன்றையொன்று அறியாத மூன்று சாட்சிகள் இக்கார் 948 எஞ்சினோடு பிறந்தது என்று ஒரே குரலிற் சொல்லுகின்றன. பதிவுப் பிரதி பொய் சொல்லவில்லை. அது பிந்திய மாற்றத்தைச் சொல்லுகின்றது. பழைய புத்தகத்தை வீட்டுப் பெட்டியிலே தேடியெடுத்தால், 9 எம். எனத் தொடங்கும் எண் வெட்டப்பட்டு மேலே இப்போதைய எண்ணும் திகதியும் முத்திரையும் காணப்படலாம். புத்தகம் கிடையாவிடினும் முடிவு மாறாது.

இனி மறுதலையான ஒன்று. அடிச்சட்டத்தில் 5, அச்சு 4.22, தடுப்பு 8 அங்குலம், எஞ்சினில் 10 எம்.ஏ., தகட்டின் ஆணிகள் பழையன, பூச்சு ஒருசீரானது. எல்லாம் ஒத்துள்ளன. எனினும் இவையனைத்தும் காட்டுவது, எஞ்சின் இக்காருக்கு உரிய *வகையைச்* சேர்ந்தது என்பதையே. இதே வகையில் பல்லாயிரம் எஞ்சின்கள் வார்க்கப்பட்டன. இவ்வெண்ணுள்ள எஞ்சினே இக்காரில் ஏறிற்று என்பதைக் கேய்டன் பேரேடு ஒன்றே உறுதி செய்யும். அதுவரை, விலைப் பத்திரத்தில் 'மூல எஞ்சின்' என எழுதாது, 'காலத்துக்கும் வகைக்கும் ஏற்ற எஞ்சின். எண் பதிவோடு ஒத்தது' என எழுதுதலே முறை. சான்றிதழ் வரச் சில வாரங்கள் செல்லும். வாங்குபவர் அவசரப்படின் முற்பணத்தை மட்டும் கொடுத்து, மீதியைப் பேரேட்டின் விடை வந்தபின் கொடுப்பதாக உடன்பாடு செய்துகொள்ளலாம். எஞ்சின் ஒரிஜினல் என்று சொன்னவர் அதற்கு உடன்படுகின்றாரா என்பதையும் அப்போது கண்டுகொள்ளலாம்.